பள்ளியின் ‘சார்க்’ அறிக்கையில் பெற்றோர் எதைப் பார்க்க வேண்டும்?

கேட்டிருந்த கேள்வி இது: சென்னையிலிருந்து கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் பக்கம் குடிவந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. மகள் அரசுத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. ஜனவரிக் கடைசியில் பள்ளியின் வாராந்திர மின்னஞ்சலில், “எங்கள் சார்க் இணையதளத்தில் ஏற்றப்பட்டுள்ளது” என்று ஒற்றை வரி. திறந்தால் பக்கம் பக்கமாக அட்டவணைகள். வீடு தேடும்போதே பள்ளிகளுக்கு மதிப்பெண் போடும் கிரேட்ஸ்கூல்ஸ் தளத்தில் பள்ளிக்குப் பத்துக்கு 9 என்று பார்த்துவிட்டுத்தான் வந்தோம். இதையும் படிக்க வேண்டுமா? யாருக்காக இதை எழுதுகிறார்கள்?

படியுங்கள். அரசுப் பள்ளி ஒவ்வொன்றும் தன்னைப் பற்றி வருடா வருடம் சொல்லியாக வேண்டிய கணக்குதான் சார்க். அதற்காக முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கத் தேவையில்லை. தேர்வு மதிப்பெண் இருக்கும் பக்கங்களைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு ஆசிரியர், பாடநூல், கட்டடம், பணம் என்ற நாலு அட்டவணைகளை முதலில் பாருங்கள். மதிப்பெண் வேறு பத்து இடங்களில் கிடைக்கும். இந்த நாலையும் ஒரே இடத்தில், பள்ளியே தன் பெயரில் சொல்லியாக வேண்டியது இந்த அறிக்கையில்தான். சில வருடங்கள் எங்கள் பள்ளியின் சைட் கவுன்சில் என்ற ஆலோசனைக் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதைப் படிக்கிற பெற்றோர் மிகக் குறைவு. படித்துவிட்டு வருகிற பெற்றோரின் கேள்விக்குக் கூட்டத்தில் தனி மரியாதை உண்டு.

யாருக்காக என்ற கேள்விக்குப் பதில் 1988-இல் இருக்கிறது. அந்த ஆண்டு நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்கள் ப்ரொபசிஷன் 98 என்ற திட்டத்துக்கு ஓட்டுப் போட்டு ஒப்புதல் கொடுத்தார்கள். மாநில வருமானத்தில் பள்ளிகளுக்கும் கம்யூனிட்டி காலேஜ்களுக்கும் ஒரு குறைந்தபட்சப் பங்கு போயே தீர வேண்டும் என்பதுதான் அதன் மையம். இன்றும் பட்ஜெட் நேரத்தில் அந்தப் பெயர் அடிபடுவது இதனால்தான். அதே திட்டத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது: பணம் வாங்குகிற ஒவ்வொரு அரசுப் பள்ளியும் வருடா வருடம் மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். ஸ்கூல் அக்கவுன்டபிலிட்டி ரிப்போர்ட் கார்டு, சுருக்கமாக சார்க், அப்படிப் பிறந்ததுதான். ஆகவே இது பெற்றோருக்கான அறிக்கை மட்டும் அல்ல. பிள்ளையே இல்லாமல் அந்தத் தெருவில் சொத்து வரி கட்டுகிறவருக்கும் சேர்த்து எழுதப்படுவது. அரசுப் பணம் வாங்கித் தனி நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளும் இதை வெளியிட வேண்டும். சாதாரணத் தனியார் பள்ளிகளுக்கு இந்தக் கடமை இல்லை.

கெடு, ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி 1. உங்களுக்கு ஜனவரிக் கடைசியில் அந்த ஒற்றை வரி வந்ததற்கு அதுதான் காரணம்.

இங்கே வந்த புதிதில் எல்லாருக்கும் வரும் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். உங்கள் மகளின் ரிப்போர்ட் கார்டு அவளைப் பற்றியது. சார்க் பள்ளியைப் பற்றியது. கலிபோர்னியா ஸ்கூல் டாஷ்போர்டு என்று சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீல நிறங்களோடு ஒன்று வருகிறதே, அது மாநிலம் பள்ளியை எப்படி மதிப்பிடுகிறது என்பது. சார்க்கில் நிறமோ நட்சத்திரமோ ரேங்க்கோ கிடையாது. அட்டவணைகளும் அவற்றுக்கு நடுவில் பள்ளி எழுதிய சில பத்திகளும்தான். அந்தப் பத்திகளில் பலவற்றை வருடா வருடம் அப்படியே நகலெடுத்துப் போடுவார்கள் என்பதால், அட்டவணைக்குக் கொடுக்கிற நேரத்தில் பாதியைக்கூட அவற்றுக்குக் கொடுக்க வேண்டாம்.

சரி, ஆசிரியர் அட்டவணை. பள்ளி, டிஸ்ட்ரிக்ட் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு), மாநிலம் மூன்றுக்கும் பக்கத்தில் பக்கத்தில் எண் இருக்கும். முதல் வரிசை, முழுத் தகுதிச் சான்று பெற்று, அந்தச் சான்றுக்குப் பொருத்தமான வகுப்பிலேயே பாடம் எடுப்பவர்கள். அடுத்தது, பயிற்சியில் இருந்தபடியே பாடம் எடுக்கும் இன்டர்ன்கள். அதற்கடுத்து, தகுதிச் சான்று இல்லாதவர்களும் தவறான பணியிடத்தில் இருப்பவர்களும் ஒரே வரிசையில். அப்புறம் சான்று இருந்தும் தம் துறைக்கு வெளியே எடுப்பவர்கள். கடைசியில் ‘தெரியவில்லை’ என்று ஒரு வரிசை. எண்கள் தலைக்கணக்கில் இருக்காது, முழுநேரப் பணியிடக் கணக்கில் இருக்கும். அதனால்தான் 22.4 ஆசிரியர் என்பது போல வரும், பயப்பட வேண்டாம்.

‘தவறான பணியிடம்’ என்றால் ஏதோ பெரிய குற்றம் போலத் தோன்றும். பல நேரம் விஷயம் சின்னது. ஆங்கிலம் கற்கும் நிலையில் உள்ள மாணவர் ஒருவர் வகுப்பில் இருந்து, அவருக்குக் கற்பிக்கத் தேவையான தனி அங்கீகாரம் ஆசிரியரின் சான்றில் இல்லையென்றால், அதுவும் இந்தக் கணக்கில் சேரும். உங்களுக்கு இது நேரடியாகத் தேவைப்படலாம். பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் பேசும் மொழி என்ன என்று ஒரு படிவம் கொடுத்திருப்பார்கள். தமிழ் என்று எழுதியிருந்தால், சேர்ந்த 30 நாளுக்குள் எல்பாக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு வைத்திருப்பார்கள். அதில் குறிப்பிட்ட அளவு எட்டாத பிள்ளைகள் ‘இங்கிலிஷ் லேர்னர்’ கணக்கில் வருவார்கள். இதைத் தவிர்க்க ‘ஆங்கிலம்’ என்றே எழுதிவிடு என்று நம்மவர்களே அறிவுரை சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். அது தவறான அறிவுரை. பிள்ளைக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டிய ஆங்கில உதவி அதனால் கிடைக்காமல் போகும். தேர்ச்சி வந்ததும் அந்த வகையிலிருந்து எடுத்துவிடுவதற்கு முறை இருக்கிறது.

அடுத்தது பாடநூலும் கட்டடமும். இவை அறிக்கைக்குள் இப்போது இருக்கும் வடிவில் வந்ததற்குப் பின்னால் ஒரு வழக்கு உண்டு. 2000-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மாணவர்கள் சிலர் மாநில அரசின் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். வீட்டுக்கு எடுத்துப்போகப் புத்தகம் இல்லை, கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது, எலித் தொல்லை, தகுதி பெற்ற ஆசிரியர் இல்லை என்பவைதான் முறையீடுகள். முதல் மனுதாரரின் பெயரால் அது வில்லியம்ஸ் வழக்கு என்று அழைக்கப்படுகிறது. 2004-இல் சமரசம் ஆனது. பள்ளிகள் புத்தகத்தின் போதுமையையும் கட்டடத்தின் நிலையையும் பெற்றோருக்குத் தெரியும்படி சொல்லவும், குறை இருந்தால் யாரும் புகார் கொடுக்கவும் வழி பிறந்தது. பணக்கார ஊர்களின் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம்மில் பலருக்கு இந்த வரலாறு தெரிவதில்லை. அந்த மாணவர்கள் போராடி வாங்கித் தந்த அட்டவணைகளைத்தான் நாம் இன்று திறந்து பார்க்காமல் மூடிவிடுகிறோம்.

பாடநூல் அட்டவணையில் கடைசி நெடுவரிசையை மட்டும் பாருங்கள். தனக்கென்று ஒரு பிரதி இல்லாத மாணவர்கள் எத்தனை சதவீதம் என்று இருக்கும். எல்லாப் பாடத்துக்கும் 0 என்று இருக்க வேண்டும். பக்கத்திலேயே எந்தப் புத்தகம், எந்த ஆண்டில் தேர்ந்தெடுத்தது என்றும் இருக்கும். அறிவியல் புத்தகம் பதினைந்து வருடப் பழசு என்று தெரிந்தால், கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி கிடைத்துவிட்டது. பள்ளி திறந்த எட்டு வாரத்துக்குள் டிஸ்ட்ரிக்ட்டின் நிர்வாகக் குழுவான போர்டு பொதுக்கூட்டம் நடத்தி, புத்தகம் போதுமான அளவு இருக்கிறதா என்று தீர்மானம் போட வேண்டும் என்பதும் சட்டம்.

கட்டட அட்டவணையில் எட்டு வரிசை. எரிவாயு, காற்றோட்டம், கழிவுநீர் போன்ற அமைப்புகள், உட்புறம், சுத்தமும் பூச்சி, எலியும், மின்சாரம், கழிப்பறையும் குடிநீர்க் குழாயும், தீப்பாதுகாப்பும் அபாயப் பொருள்களும், கூரையும் கட்டுமானமும், வெளிப்புறம், அதாவது விளையாட்டுத்திடல், கதவு, வேலி. ஒவ்வொன்றுக்கும் நன்று, சுமார், மோசம் என்று ஒரு குறி. பலர் அந்தக் குறியைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வலது ஓர நெடுவரிசைதான் முக்கியம். என்ன பழுது, என்ன நடவடிக்கை என்று அங்கே எழுதியிருக்கும்: அறை 14, கூரை ஓட்டில் நீர்க்கறை, அறை 21, குடிநீர்க் குழாயில் அழுத்தம் இல்லை, வேலைக்கு எழுதப்பட்டுள்ளது. இந்த மாதிரி. இப்போது போன வருட அறிக்கையையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். அதே அறை எண், அதே நீர்க்கறை, அதே ‘வேலைக்கு எழுதப்பட்டுள்ளது’ இரண்டு வருடமும் இருந்தால், கேள்வியைக் கேட்க வேண்டியது தலைமையாசிரியரிடம் அல்ல, டிஸ்ட்ரிக்ட்டின் பராமரிப்புப் பிரிவிடம். எங்கள் கவுன்சிலில் ஒரு முறை இப்படி இரண்டு வருடத் தாளையும் ஒரு அம்மா மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சத்தம் இல்லை, சண்டை இல்லை. அடுத்த கூட்டத்துக்குள் குழாய்க்கு ஆள் வந்துவிட்டார்கள்.

பண அட்டவணை சின்னது. ஒரு மாணவருக்கு மொத்தச் செலவு, அதில் இன்ன காரியத்துக்கு என்று கட்டுப்படுத்தப்பட்ட தொகை, கட்டுப்பாடு இல்லாத தொகை, ஆசிரியரின் சராசரிச் சம்பளம். பள்ளிக்கும் டிஸ்ட்ரிக்ட்டுக்கும் மாநிலத்துக்கும் உள்ள வித்தியாசம் சதவீதத்தில் இருக்கும். ஒரே டிஸ்ட்ரிக்ட்டில் சம்பள அட்டவணை எல்லாப் பள்ளிக்கும் ஒன்றுதான். அப்படியிருந்தும் ஒரு பள்ளியின் சராசரிச் சம்பளம் மட்டும் தாழ்ந்திருந்தால், அங்கே அனுபவம் குறைந்த ஆசிரியர்கள் அதிகம் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். புது ஆசிரியர் என்றால் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அனுபவசாலிகள் ஒரு பள்ளியை விட்டு வரிசையாகப் போகிறார்கள் என்றால் ஏன் என்று கேட்கத்தான் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அறிக்கையின் தலைப்பில் ஒரு கல்வியாண்டு இருக்கும், உள்ளே இருக்கும் எண்கள் எல்லாம் அந்த ஆண்டைச் சேர்ந்தவை அல்ல. உதாரணமாக 2025 பிப்ரவரிக்குள் வெளியான அறிக்கை 2023–24 ஆண்டுக்குரியது. அதில் செலவுக்கணக்கு 2022–23. ஆசிரியர் கணக்கும் அப்படித்தான் பின்தங்கி வருகிறது. ஆகவே அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு உங்கள் மகளின் இப்போதைய டீச்சரைப் பற்றி முடிவுக்கு வராதீர்கள். அது தெரிய வேண்டுமானால் நேராகவே கேட்கலாம். டைட்டில் 1 என்ற மத்திய அரசுப் பணம் வாங்கும் பள்ளியாக இருந்தால், பிள்ளையின் ஆசிரியருடைய தகுதி விவரத்தைக் கேட்டுப் பெறும் உரிமை பெற்றோருக்குச் சட்டப்படியே இருக்கிறது.

இன்னொன்று, பல கட்டங்களில் எண்ணுக்குப் பதில் வெறும் கோடு இருக்கும். எதையோ மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு பிரிவில் பத்து மாணவர்களோ அதற்குக் குறைவோ இருந்தால், யார் யார் என்று அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் எண்ணை வெளியிடுவதில்லை.

இனி அந்த 9. கிரேட்ஸ்கூல்ஸ் அரசு அமைப்பு அல்ல, ஒரு லாப நோக்கற்ற நிறுவனம். அதன் எண்ணுக்குத் தேர்வு முடிவுதான் பெரிய அடித்தளம். வீடு விற்கும் ஜில்லோ, ரெட்ஃபின் பக்கங்களில் அது ஒட்டிக்கொண்டு வருவதால் நம் கண்ணில் முதலில் படுவது அதுதான். மாநிலத் தேர்வு தொடங்குவதே மூன்றாம் வகுப்பில். மூன்று முதல் எட்டு வரை, அப்புறம் பதினொன்றில் ஆங்கிலமும் கணக்கும். கின்டர்கார்டன், ஒன்று, இரண்டு வகுப்புகளில் என்ன நடக்கிறது என்று அந்த எண்ணால் எதுவும் சொல்ல முடியாது. தவிர, படித்த, வசதியுள்ள பெற்றோர் நிறைந்த ஊரில் மதிப்பெண் உயரத்தான் செய்யும். அதில் பள்ளியின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு, மாலை நேர டியூஷன் சென்டரின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மாநிலமும் ஒரு காலத்தில் இப்படி ஒற்றை எண்ணைத்தான் நம்பியிருந்தது. 1999 சட்டத்தால் வந்த ஏபிஐ, 200 முதல் 1000 வரை ஒரு எண். 800 எட்டினால் நல்ல பள்ளி. வீட்டு விளம்பரங்களில் அதைப் போட்டு விற்ற காலம் உண்டு. அதைக் கைவிட்டு 2017-இல் டாஷ்போர்டுக்கு வந்தார்கள். இதில் நிறம் என்பது இரண்டு விஷயத்தைச் சேர்த்து வருவது: இப்போது எந்த நிலை, போன வருடத்திலிருந்து ஏறியதா இறங்கியதா. அதனால் இரண்டு பள்ளிக்கு ஒரே மஞ்சள் இருந்தாலும் ஒன்று மேலிருந்து இறங்கி வந்ததாகவும் மற்றது கீழிருந்து ஏறி வந்ததாகவும் இருக்கலாம். நிறத்தைச் சொடுக்கி உள்ளே போய்ப் பார்க்காமல் ஒப்பிடாதீர்கள். 30 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு பிரிவுக்கும் தனி நிறம் உண்டு. பள்ளி மொத்தத்துக்கும் பச்சையாக இருந்து, இங்கிலிஷ் லேர்னர் பிரிவுக்கோ சிறப்புக் கல்விப் பிரிவுக்கோ சிவப்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சிவப்பைப் பற்றிப் பள்ளி என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு அந்தப் பள்ளியின் உண்மையான அளவுகோல்.

டாஷ்போர்டில் நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கட்டம் உண்டு: நீடித்த வருகைக் குறைவு. பள்ளி நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராத பிள்ளை இந்தக் கணக்கில் சேரும். 180 நாள் என்றால் 18 நாள். காரணம் காய்ச்சலா, கல்யாணமா என்ற வித்தியாசம் இதில் கிடையாது. டிசம்பர் விடுமுறையோடு பொங்கலையும் சேர்த்து மூன்று வாரம் கூடுதலாக ஊரில் இருந்துவிட்டு வந்தால், அதுவே 15 நாள். அதற்கு மேல் சளி, காய்ச்சல் என்று மூன்று நாள் போதும், உங்கள் மகளும் அந்த எண்ணுக்குள் வந்துவிடுவாள். டிக்கெட் போடும் முன்பே பள்ளி அலுவலகத்தில் இன்டிபென்டென்ட் ஸ்டடி ஒப்பந்தம் கிடைக்குமா என்று கேளுங்கள். கொடுத்த பாடங்களை முடித்துக் கொண்டுவந்தால் அந்த நாட்கள் வருகையாகக் கணக்கில் வர வழி இருக்கிறது.

கலிபோர்னியாவுக்கு வெளியே இருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. 2015 டிசம்பரில் கையெழுத்தான எவ்ரி ஸ்டூடன்ட் சக்ஸீட்ஸ் சட்டப்படி எல்லா மாநிலமும் எல்லா டிஸ்ட்ரிக்ட்டும் வருடாந்திர ரிப்போர்ட் கார்டு வெளியிட வேண்டும். பள்ளிவாரியாகத் தலைக்குச் செலவும் அதில் இருக்க வேண்டும். வடிவம்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸும் ஃப்ளோரிடாவும் ஏ முதல் எஃப் வரை எழுத்து கொடுக்கின்றன. நியூ ஜெர்சியில் அதற்குப் பெயர் ஸ்கூல் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்.

இப்போது எனக்கு ஆதங்கமாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். சட்டம் கேட்பது வெளியிடுவதை. பெரும்பாலான பள்ளிகள் பிடிஎஃப்பை ஏற்றி, மின்னஞ்சலில் ஒரு வரி போட்டு, அதோடு முடித்துவிடுகின்றன. பெற்றோருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. நல்ல தலைமையாசிரியர்கள் வேறு மாதிரி செய்கிறார்கள். பிப்ரவரியில் பெற்றோரோடு காபி குடிக்கும் காலைக் கூட்டத்துக்கு மூன்றே மூன்று அட்டவணைகளை அச்செடுத்து வருவார்கள்; இதில் எனக்குப் பெருமை, இதில் எனக்குக் கவலை என்று அவர்களே சொல்வார்கள். அரை மணி நேரம்தான். ஆனால் அதற்கப்புறம் பெற்றோர் கேட்கும் கேள்விகளின் தரமே மாறிவிடும். உங்கள் பள்ளியில் அப்படி ஒரு வழக்கம் இல்லையென்றால் நீங்களே கேட்டுத் தொடங்கி வைக்கலாம். தலைமையாசிரியர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை; யாரும் கேட்டதில்லை என்பதுதான் நிலைமை.

கேட்க வேறு இடங்களும் உண்டு. சைட் கவுன்சிலில் பாதிப் பேர் பெற்றோரும் ஊர்க்காரர்களும். பள்ளியின் முன்னேற்றத் திட்டத்தை எழுதுவது அந்தக் குழுதான். 21 இங்கிலிஷ் லேர்னர் மாணவர்கள் இருந்தாலே அவர்களுடைய பெற்றோருக்கென்று ஈலாக் என்ற தனிக் குழு அமைக்க வேண்டும்; நம் தமிழ் அம்மாக்கள் இதில் தயங்காமல் சேர வேண்டும். டிஸ்ட்ரிக்ட் அளவில் எல்கேப் என்ற திட்டத்தை ஜூலை 1-க்குள் போர்டு நிறைவேற்றும், அதற்கு முன் பொதுக் கருத்துக் கேட்கும் கூட்டம் நடக்கும். நடந்து முடிந்ததைச் சொல்வது சார்க், வரும் வருடத்துப் பணம் எங்கே போகும் என்று சொல்வது எல்கேப். சார்க்கில் பார்த்த பழுதைப் பற்றி எல்கேப் கூட்டத்தில் பேசினால்தான் பணம் ஒதுக்கும் நேரத்தில் அது காதில் விழும்.

புத்தகம் இல்லை, கட்டடத்தில் ஆபத்து, வகுப்புக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை என்பது போன்ற குறைகளுக்குக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். வில்லியம்ஸ் புகார்ப் படிவம் இருக்கிறது. அதைப் பற்றிய அறிவிப்பை ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒட்டியிருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது சுவரைப் பாருங்கள். பெயர் எழுதாமலும் கொடுக்கலாம். 30 வேலை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். பெயர் கொடுத்துப் பதில் வேண்டும் என்று குறித்திருந்தால் 45 வேலை நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும்.

மொழி விஷயம்: ஒரு பள்ளியில் 15 சதவீதமோ அதற்கு மேலோ மாணவர்களின் வீட்டு மொழி ஆங்கிலம் அல்லாத ஒரே மொழியாக இருந்தால், பெற்றோருக்குப் போகும் அறிக்கைகள் அந்த மொழியிலும் போக வேண்டும். ஸ்பானிஷில் சார்க் பார்ப்பது சாதாரணம். தமிழுக்கு அந்த விகிதம் எட்டுவது கஷ்டம். ஆனாலும் உங்களோடு தாத்தா பாட்டி இருந்து, பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிட்டுக் கூட்டிவருவது அவர்களாக இருந்தால், கட்டட அட்டவணையையாவது அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். வாசற்கதவு சரியாகப் பூட்டுகிறதா, திடலில் எந்த ஊஞ்சல் உடைந்திருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

காகிதத்தில் வேண்டுமென்றால் அலுவலகத்தில் கேளுங்கள், கேட்டால் அச்சுப் பிரதி கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. பழைய வருட அறிக்கைகள் பெரும்பாலும் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் ஒரே பக்கத்தில் கிடைக்கும். மாநிலக் கல்வித் துறையின் சார்க் தளத்திலும் பள்ளிப் பெயரைக் கொடுத்துத் தேடலாம். பிப்ரவரி 1 தாண்டியும் பழைய அறிக்கையே தொங்கிக்கொண்டிருந்தால் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்: எந்தப் பள்ளி, எந்த ஆண்டின் அறிக்கை இன்னும் வரவில்லை என்று. எங்கள் பகுதியில் அப்படி எழுதியபோது ஒரு வாரத்துக்குள் ஏற்றிவிட்டார்கள்.